மேடையில் ஏறினால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது: இதிலிருந்து மீண்டவர்கள் என்ன செய்தீர்கள்?

#1 கடைசிவரிசை

வணக்கம். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அலுவலகத்தில் நாற்பது பேர் முன்னிலையில் ஒரு திட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. விஷயம் எனக்கு அத்துப்படி. ஒன்றரை வருடம் அந்த வேலையிலேயே கிடந்திருக்கிறேன். முதல் இரண்டு ஸ்லைடு தாண்டியது. மூன்றாவதில் ஒரு எண்ணைப் படிக்கும்போது என் குரல் வேறு யாரோ பேசுவது போல ஸ்பீக்கரில் கேட்டது. அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த தாள் நடுங்கும் சலசலப்பு மைக்கிலேயே கேட்டது. "மன்னிக்கவும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மீதியை உடன் வேலை செய்பவர் முடித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது மூன்று வாரத்தில் 150 பேர் கூடும் கூட்டத்தில் 12 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஒத்துக்கொண்டுவிட்டேன். ஒத்துக்கொண்ட நாளிலிருந்து தூக்கம் சரியில்லை.

"தைரியமாக இரு", "எதிரில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்" என்பதெல்லாம் கேட்டாகிவிட்டது. என்னிடம் எடுபடவில்லை. இந்த நிலையில் இருந்து வெளியே வந்தவர்கள் உண்மையில் என்ன செய்தீர்கள், எத்தனை முறை செய்தீர்கள் என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

#2 மணற்கடிகாரம்

முதலில், ஒத்துக்கொண்டதற்கு வாழ்த்துகள். மனதாரச் சொல்கிறேன். இரண்டாவது முறை ஏறச் சம்மதிப்பதுதான் இதில் கடினமான பகுதி.

தாள் நடுங்கியது கை நடுங்கியதால் மட்டுமல்ல. மெல்லிய ஏ4 தாள் விரலின் சின்ன அசைவைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும். உள்ளங்கை அளவு கெட்டி அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். கை நடுங்கினாலும் அட்டை சத்தம் போடாது. பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

நான் ஒன்பது வருடமாக ஒரு டோஸ்ட்மாஸ்டர்ஸ் குழுவில் இருக்கிறேன். 1924இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் தொடங்கிய அமைப்பு அது. அங்கே மந்திரம் எதுவும் கற்றுத்தருவதில்லை. முறை வைத்துப் பேச வைக்கிறார்கள், நேரம் பார்க்கிறார்கள், ஒருவர் நீங்கள் எத்தனை முறை "ஆ", "வந்து" சொன்னீர்கள் என்று எண்ணுகிறார், இன்னொருவர் எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆறு நிமிடப் பேச்சில் நான் 31 முறை "வந்து" சொன்னதாக ஒருநாள் கணக்கு கொடுத்தார்கள். எண்ணிக்கை தெரிந்த பிறகுதான் என் காதுக்கே அது கேட்க ஆரம்பித்தது. அடுத்த இரண்டு மாதத்தில் தானாகவே குறைந்தது.

மூன்று வாரத்தில் உங்களுக்குக் குழு கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒன்று செய்யலாம். இன்றிலிருந்து கலந்துகொள்ளும் ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு கேள்வியாவது கேளுங்கள். நேரம் போகப் போகத்தான் வாய் திறப்பது மலையாகத் தெரியும்.

#3 புறா

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. பேச்சுல 7 சதவீதம்தான் வார்த்தை, மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும். பயிற்சி வகுப்புல சொல்லிக்கொடுத்தாங்க. அதனால என்ன சொல்றோம்னு ரொம்பக் கவலைப்படாதீங்க, நிற்கிற விதத்துல கவனம் வைங்க.

#4 அகரமுதலி

புறா, அந்த 7-38-55 கணக்கை (சொல் 7, குரல் 38, முகபாவம் 55 சதவீதம்) பற்றி ஒரு வார்த்தை. அது 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த ஆய்வுகளில் இருந்து வந்தது. தனித்தனிச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்தும், முகபாவப் படங்களைக் காட்டியும், "இவருக்கு எதிரே இருப்பவரைப் பிடித்திருக்கிறதா" என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் தொனி வேறொன்றுமாக இருக்கும்போது மக்கள் எதை நம்புகிறார்கள் என்பதுதான் அங்கே கேள்வி. 12 நிமிடப் பேச்சில் பொருளுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு என்று அவரும் சொல்லவில்லை. உணர்வும் மனப்பான்மையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று அவரே விளக்கியிருக்கிறார்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பயந்தவர்கள் கையில் இந்தக் கணக்கு கிடைத்தால் பெரும் கேடு. "கை எங்கே இருக்கிறது, முகம் எப்படி இருக்கிறது" என்று தன்னையே பார்த்துக்கொண்டு பேசுவார்கள். கடைசிவரிசை, உங்களுக்கு நடந்ததும் அதுதான். உங்கள் குரல் உங்கள் காதில் விழுந்தது, கவனம் முழுவதும் பொருளை விட்டு உங்கள் மேல் திரும்பிவிட்டது.

திருக்குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம். அதற்கு முந்தையது அவையறிதல். நான் இந்த வரிசையைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எதற்காக வந்திருக்கிறார்கள் என்பதை அறிவது முதலில். அச்சம் அதற்குப் பிறகு. என் அனுபவமும் அப்படியே. "நான் எப்படித் தெரிவேன்" என்ற கேள்வியோடு ஏறிய மேடையெல்லாம் எனக்குச் சரிந்திருக்கிறது. "இவர்களுக்கு இது விளங்குகிறதா" என்ற கேள்வியோடு ஏறியவை நின்றிருக்கின்றன.

அதனால் என் கேள்வி: அந்த 150 பேர் யார்?

#5 கடைசிவரிசை

ஐயா, உண்மையைச் சொன்னால் அதை நான் யோசிக்கவே இல்லை. "150" என்ற எண் மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேர் எங்கள் துறையே இல்லை. நாங்கள் செய்த மாற்றத்தால் அவர்களுடைய தினசரி வேலை மாறப்போகிறது. அதைப் பற்றி அவர்களுக்குக் கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

புறாவுக்கும் மணற்கடிகாரத்துக்கும் நன்றி. அட்டை விஷயம் இன்றே செய்துவிட்டேன்.

#6 அகரமுதலி

கோபம் இருக்கிறது என்றால் பேச்சை அங்கேயே ஆரம்பியுங்கள். "நாங்கள் என்ன செய்தோம்" என்பதை அப்புறம் சொல்லலாம். "திங்கட்கிழமை காலை உங்கள் மேசையில் என்ன மாறும்" என்று தொடங்கினால் 150 பேரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

#7 மருந்துச்சீட்டு

பொது மருத்துவராக இருக்கிறேன். உடம்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், தெரிந்துகொண்டால் பயம் குறையும்.

பலர் நம்மையே பார்க்கும்போது மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை நடுங்குகிறது, உமிழ்நீர் குறைகிறது. நாக்கு ஒட்டிக்கொண்டது இதனால்தான், உங்கள் குறை எதுவும் இல்லை. பெரும்பாலோருக்கு இந்தப் படபடப்பு பேச ஆரம்பிக்கும் தறுவாயிலும் முதல் ஓரிரு நிமிடத்திலும் உச்சத்தில் இருக்கும், பிறகு தானாகத் தணியும். அந்த முதல் இரண்டு நிமிடத்தைக் கடப்பதற்கு மட்டும் ஏற்பாடு செய்தால் போதும்.

மேடைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம்: மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதனால் விடும் நேரம் நீளமாக இருக்கவேண்டும். ஆழமாக இழுத்து இழுத்து வேகமாக விட்டால் தலைதான் சுற்றும். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அன்றைக்குக் காபியைப் பாதியாகக் குறையுங்கள்.

இன்னொன்று. "அமைதியாக இரு" என்று தனக்குத்தானே சொல்வதைவிட "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. துடிக்கிற நெஞ்சை அடக்குவது கஷ்டம். அதே துடிப்புக்கு வேறு பெயர் வைப்பது சுலபம்.

யாராவது படபடப்பைக் குறைக்க என்று புரோப்ரனலால் மாத்திரை சொன்னால் தயவுசெய்து கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கும் இதயத்துடிப்பு ஏற்கெனவே குறைவாக இருப்பவர்களுக்கும் அது ஆபத்து. வேண்டுமா வேண்டாமா என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர்தான் சொல்லவேண்டும்.

#8 நீலக்குயில்

எனக்கு நாலு வயசுல இருந்து திக்கல் இருக்கு. என் பேரோட முதல் எழுத்துலயே நிற்பேன். வேற சொல்லா இருந்தா சட்டுனு மாத்திப் பேசிடலாம், பேரை எப்படி மாத்தறது? அதனால "உங்களை அறிமுகப்படுத்திக்கோங்க"ன்னு சொல்ற இடம்தான் எனக்கு வாழ்க்கையிலேயே பெரிய மேடை.

இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை கூட்டத்துல பேசறேன். திக்கல் போகல. மாறினது ஒண்ணுதான். முதல் வாக்கியத்திலேயே சொல்லிடறேன்: "எனக்குத் திக்கல் உண்டு, சில இடத்துல நிற்பேன், நீங்க வார்த்தையை எடுத்துக்கொடுக்க வேண்டாம், நானே வந்துடுவேன்." அதைச் சொன்ன நிமிஷத்துல என் தோள் ரெண்டும் இறங்கறது எனக்கே தெரியும். மறைக்கறதுக்குச் செலவான சக்தி எல்லாம் பேச்சுக்கு வந்துடுது.

இங்கிலாந்தோட ஆறாம் ஜார்ஜ் மன்னர் அரியணைக்கு வர்றதுக்கு முன்னாடி, 1925ல வெம்ப்லி கண்காட்சி நிறைவு விழாவுல பேசினது அவருக்கும் கேட்டவங்களுக்கும் வேதனையா இருந்தது. அடுத்த வருஷம் லயனல் லோக்கிட்ட பயிற்சிக்குப் போனார். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி போர் அறிவிச்ச அன்னைக்கு வானொலியில பேசினார். நடுவுல 13 வருஷம். திக்கல் முழுசாப் போயிடல, எங்க மூச்சு எடுக்கணும், எங்க நிறுத்தணும்னு உரையிலேயே குறிச்சு வெச்சுப் பேசினார். எனக்கு அந்த 13ங்கற எண்ணிக்கை பெரிய ஆறுதல்.

கடைசிவரிசை தம்பி, நீங்க உட்கார்ந்ததைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலைன்னு வருத்தப்பட்டீங்க. அவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம இருந்திருக்கும், அவ்வளவுதான்.

#9 கடைசிவரிசை

அக்கா, கடைசி வரியை நான்கு முறை படித்தேன். நன்றி.

#10 ஒலிப்பெட்டி

இருபது வருஷமா ஒலி அமைப்பு வேலை பாக்குறேன். மேடைக்குக் கீழ பெட்டி பக்கத்துல உட்கார்ந்து எத்தனையோ பேர் பேச்சைக் கேட்டிருக்கேன். பேச்சு கெடுறதுல பாதி மைக்கைத் தெரியாததால கெடுது. யாரும் சொல்லித்தர்றதில்ல.

கையில பிடிக்கிற மைக்னா வாயில இருந்து நாலு விரல் தூரம், தாடைக்குச் சற்றுக் கீழ. தலையைத் திருப்பினா கையும் கூடவே திரும்பணும். ஸ்கிரீனைப் பார்க்கத் திரும்புறப்போ மைக் மட்டும் இங்கேயே நின்னுடும், குரல் காணாமப் போயிடும். மைக்கோட வலைத்தலையைப் பொத்திப் பிடிக்காதீங்க. கீச்சுனு கத்துறதுக்கு அதுவும் ஒரு காரணம். ஸ்பீக்கருக்கு முன்னாடி நடந்து போனாலும் கத்தும். சட்டையில குத்துற மைக்னா தாடையில இருந்து ஒரு சாண் கீழ, சங்கிலியோ துப்பட்டாவோ உரசாத இடத்துல. அப்புறம் தட்டாதீங்க, ஊதாதீங்க. முதல் வாக்கியத்தைச் சொல்லுங்க, சத்தம் வைக்கிறது எங்க வேலை.

உங்க குரல் வேற யாரோ மாதிரிக் கேட்டதுன்னு சொன்னீங்க. எல்லாருக்கும் அப்படித்தான். நாம பேசறது நமக்கு மண்டை எலும்பு வழியாவும் கேக்குது, அதனால கனமாத் தெரியும். ஸ்பீக்கர்ல காத்து வழியா மட்டும் வர்றப்போ மெல்லிசா, அந்நியமா இருக்கும். பெரிய அரங்குல கொஞ்சம் தாமதமாவும் திரும்பி வரும். இதைப் பழகிக்கறதுக்கு ஒரே வழி, கூட்டம் வர்றதுக்கு அரைமணி நேரம் முன்னாடி போய் ஒலிக்காரர்கிட்ட "ரெண்டு நிமிஷம் பேசிப் பாத்துக்கலாமா"ன்னு கேக்கறது. நாங்க யாரும் மாட்டேன்னு சொல்லமாட்டோம். கேக்கறவங்கதான் இல்ல.

#11 வகுப்பறை

முப்பத்தொரு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளைப் பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்திருக்கிறேன். தம்பிக்கு இரண்டு விஷயம் சொல்லவேண்டும், இரண்டும் நம் மொழியைச் சேர்ந்தவை.

முதலாவது. நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். "இம்மாற்றமானது பயனாளர்களின் பணிச்சுமையைக் கணிசமாகக் குறைக்கின்றது" என்று எழுதி வைத்துக்கொண்டு மேடையில் அதைச் சொல்லப் போனால் நாக்கு புரளாது. அது நாம் வாழ்நாளில் வாய்விட்டுச் சொல்லிப் பழகாத வாக்கியம். பிள்ளைகள் மறந்து நிற்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட வாக்கியத்தில்தான். நான் என்ன செய்வேன் என்றால், முதலில் பொருளை எனக்குக் கதை போலச் சொல்லச் சொல்வேன். அவர்கள் சொல்லும்போது நான் எழுதுவேன். பிறகு அதைக் கொஞ்சம் திருத்தி அவர்களிடமே கொடுப்பேன். வாயிலிருந்து வந்தது என்பதால் வாய்க்குத் திரும்பவும் வரும். மேடைத் தமிழ் வேண்டுமென்றால் பேசுங்கள், தப்பில்லை, ஆனால் அதிலேயே முன்கூட்டிப் பல நாள் பேசிப் பழகியிருக்கவேண்டும். பாதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் கேட்பவர் காதை இடறும்.

இரண்டாவது இதைவிட முக்கியம். தமிழில் வினை கடைசியில் வருகிறது. பயந்தவர்களுக்கு மூச்சு எங்கே தீரும்? வாக்கியத்தின் கடைசியில். "இந்தப் படிவத்தை இனிமேல் நீங்கள் தனியாக நிரப்ப" என்பது வரை கணீரென்று வரும், அதன் பிறகு குரல் கிணற்றுக்குள் போய்விடும். "வேண்டும்" என்றாரா, "வேண்டியதில்லை" என்றாரா? பின்வரிசைக்காரர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். வாக்கியத்தின் உயிர் முடிவில் இருக்கிறது, நாம் அதைத்தான் விழுங்குகிறோம். வகுப்பில் பிள்ளையை அறையின் ஒரு கோடியில் நிறுத்தி நான் மறுகோடியில் நிற்பேன். கடைசிச் சொல் எனக்குக் கேட்காவிட்டால் கையைத் தூக்குவேன், அந்த வாக்கியத்தைத் திரும்பச் சொல்லவேண்டும். ஒரே வாரத்தில் குரல் மாறிவிடும். வாக்கியத்தைச் சின்னதாக வெட்டினால் இன்னும் சுலபம்.

#12 மணற்கடிகாரம்

அம்மா, வினை பற்றிய கருத்துக்குத் தலைவணங்குகிறேன். இத்தனை வருடத்தில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

ஒரு தொடர்ச்சி: நிமிடத்துக்கு 130, 150 சொல் பேசவேண்டும் என்று பயிற்சிக் குறிப்புகளில் எழுதுவார்கள். அது ஆங்கிலத்துக்கான கணக்கு. "போய்க்கொண்டிருந்தவர்களுக்கும்" என்பது நமக்கு ஒரு சொல். அந்த எண்ணை நம்பி உரை தயாரித்தால் நேரம் எங்கேயோ போய் நிற்கும். உங்கள் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தில் பாருங்கள், அதுதான் உங்கள் கணக்கு. 12 நிமிடம் கொடுத்தால் பத்துக்குத் தயார் செய்யுங்கள்.

மனப்பாடம் பற்றி யாரும் சொல்லவில்லை. என் கட்சி: முதல் இரண்டு வாக்கியம், கடைசி ஒரு வாக்கியம் மட்டும் மனப்பாடம். நடுவில் ஐந்தே ஐந்து சொல், அட்டையில் பெரிய எழுத்தில். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வது கண்ணாடிப் பாலம். சர்ச்சில் 1904 ஏப்ரல் 22 அன்று நாடாளுமன்றத்தில் மனப்பாடம் செய்து பேசிக்கொண்டிருந்தவர், முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு வாக்கியத்தின் நடுவில் மறந்துபோய், தேடித் தேடிப் பார்த்து, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 29 வயது. அதன் பிறகு குறிப்பு இல்லாமல் அவர் முக்கியமான பேச்சுக்கு எழுந்திருக்கவில்லை.

#13 பச்சைமை

மணற்கடிகாரம் சொல்வதோடு எனக்கு ஒத்துவராது. நான் முழுதும் எழுதி, முழுதும் மனப்பாடம் செய்துதான் பேசுகிறேன். ஐந்து சொல் அட்டையை நம்பிப் போய் இரண்டு முறை வழவழவென்று எங்கேயோ போயிருக்கிறேன். எழுதும்போதுதான் எனக்கு யோசனையே வருகிறது. சர்ச்சிலும் முழு உரையைத்தானே தட்டச்சு செய்து கையில் வைத்திருந்தார்?

பாதி மனப்பாடம்தான் ஆபத்து. வாய் தானாக ஓடும் அளவுக்குச் செய்தால் கவனம் முழுவதையும் எதிரில் இருப்பவர்களுக்குக் கொடுக்கலாம். பாடுகிறவர்கள் பாட்டை அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்?

#14 அகரமுதலி

இருவரும் சொல்வது உண்மைதான், ஆளைப் பொறுத்தது. கடைசிவரிசைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, ஒருமுறை உறைந்த அனுபவமும் இருக்கிறது. அதனால் அவருக்கு நான் மணற்கடிகாரம் பக்கம். வரி தவறினால் நின்றுபோகும் முறை அவருக்கு வேண்டாம், கருத்திலிருந்து கருத்துக்கு நடக்கும் முறை போதும்.

இன்னொரு செய்தி. நம் நடுக்கம் எதிரில் இருப்பவர்களுக்கு அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறோம். அவ்வளவு தெரிவதில்லை. 2003இல் சாவிட்ஸ்கி, கிலோவிச் இருவரும் செய்த ஆய்வில், "உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு வெளியே தெரியாது" என்று பேசுவதற்கு முன்பே சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். அந்த ஒரு தகவல் தெரிந்ததே உதவியாக இருந்திருக்கிறது. இப்போது உங்களுக்கும் தெரியும்.

#15 கடைசிவரிசை

ஒரு வாரம் ஆகிறது. செய்ததைச் சொல்கிறேன்.

கைபேசியை அலமாரியில் நிறுத்தி, நின்றுகொண்டே பேசிப் பதிவு செய்தேன். ஆறு தடவை. முதல் பதிவைப் பார்க்கப் பிடிக்கவே இல்லை, இருந்தாலும் பார்த்தேன். ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒருமுறை திரையைக் கவிழ்த்து வைத்துக் காதால் மட்டும். சத்தமில்லாமல் பார்த்தபோது இடது கால் ஆடிக்கொண்டே இருந்தது தெரிந்தது. காதால் கேட்டபோது வகுப்பறை அம்மா சொன்னது அப்படியே இருந்தது. பதினொரு வாக்கியத்தில் கடைசிச் சொல் எனக்கே கேட்கவில்லை. என் பேச்சு எனக்கே!

வீட்டில் அண்ணன் மகளை அடுத்த அறையில் உட்காரவைத்து, கடைசிச் சொல் கேட்காவிட்டால் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். எட்டு வயது. முதல் நாள் கதவு ஓயவே இல்லை.

அலுவலகக் கூட்டங்களில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் பேசுவது: ஐந்து கூட்டத்தில் நான்கில் செய்தேன்.

ஒரு சந்தேகம். நடுவில் மறந்துபோனால்?

#16 நீலக்குயில்

நில்லுங்க. வாயை மூடிக்கோங்க. அட்டையைப் பாருங்க, அடுத்த சொல்லைப் படிங்க, நிமிர்ந்து ஒரு முகத்தைப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. அந்த இடைவெளி உங்களுக்குத்தான் ஒரு யுகம். எதிர்ல இருக்கவங்களுக்கு அது யோசிக்கிற நேரம். நான் ஒரு சொல்லுல அஞ்சு விநாடி நிப்பேன், யாரும் எழுந்து போனதில்ல.

"மன்னிக்கவும்"னு மட்டும் சொல்லாதீங்க. சொன்னா அவங்க கவனம் பேச்சை விட்டு உங்க மேல வந்துடும்.

#17 புறா

அகரமுதலி, அந்த 93 சதவீத விஷயத்தைத் தேடிப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. நாலு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்திருக்கேன், இனி சொல்லமாட்டேன்.

கேள்வி நேரத்துக்கு ஒண்ணு: கேள்வியை எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒருதரம் திருப்பிச் சொல்லுங்க. பின்னாடி இருக்கவங்களுக்குக் கேள்வி கேட்டிருக்காது, உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தெரியலன்னா "இப்ப என்கிட்ட பதில் இல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பறேன்"னு நாள் சொல்லிச் சொல்லுங்க. நாள் சொன்னா நம்புவாங்க.

#18 கடைசிவரிசை

பேசிவிட்டேன்.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நாற்பது நிமிடம் முன்னால் போனேன். ஒலி பார்ப்பவரிடம் கேட்டேன். காலி அரங்கில் முதல் இரண்டு வாக்கியத்தையும் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். என் குரல் திரும்பி வந்து காதில் விழுந்தது. மூன்றாவது முறை அது வெறும் சத்தமாகத் தெரிந்தது. ஒலிப்பெட்டி அண்ணனுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

ஆட்கள் வர ஆரம்பித்ததும் வாசல் பக்கம் நின்று நான்கைந்து பேரிடம் பேசினேன். ஒருவர் "புது முறையில் என் பழைய பதிவுகள் எல்லாம் போய்விடுமா" என்று கேட்டார். மேடைக்குப் போனதும் நான் தயாரித்திருந்த முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, "வாசலில் ஒருவர் என்னிடம் கேட்டார்" என்றுதான் ஆரம்பித்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரண்டாவது வரிசையில் அவர் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவருக்குத்தான் பேசினேன்.

நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. நாக்கும் வறண்டது. தண்ணீர் குடித்தேன், யாருக்கும் அது ஒரு விஷயமாகவே இல்லை. ஆறாவது நிமிடம் என்று நினைக்கிறேன், மறந்துபோனது. முழுதாக. அக்கா சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். அட்டையில் மூன்றாவது சொல் "படிவம்". அதைப் படித்தேன், நிமிர்ந்தேன், பேசினேன். பதிவில் பார்த்தால் மூன்று விநாடி. என் கணக்கில் அரை மணி நேரம்.

சரியாக வராதது: கடைசிப் பகுதியில் வேகம் கூடிவிட்டது, இரண்டு உதாரணத்தை விட்டுவிட்டேன். கேள்வி நேரத்தில் ஒருவர் கோபமாகவே கேட்டார், நான் அவர் முடிப்பதற்குள் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவரைத் தனியாகப் பார்த்துப் பேசவேண்டும்.

கீழே வந்ததும் வாசலில் கேள்வி கேட்டவர் வந்து, அவர் பதிவுகளைப் பற்றி இன்னும் பத்து நிமிடம் கேட்டார். என் பேச்சு எப்படி இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

#19 வகுப்பறை

தம்பி, கண் நிறைந்துவிட்டது. உன் அண்ணன் மகளிடம் சொல், கதவைத் தட்டிய கைக்கு இந்தப் பாட்டி ஒரு முத்தம் கொடுத்தாள் என்று.

வேகம் கூடுவதற்குக் காரணம் முடிக்கப்போகிறோம் என்ற நிம்மதி. அடுத்த முறை கடைசிப் பகுதியை மட்டும் தனியாக, மற்றதைவிட இரண்டு மடங்கு பயிற்சி செய். எல்லோரும் முதலிலிருந்தே தொடங்கிப் பயிற்சி செய்வதால் கடைசிப் பகுதிக்குத்தான் எப்போதும் பழக்கம் குறைவு.

#20 மணற்கடிகாரம்

அடுத்த மேடை எப்போது? ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. இடைவெளி விட்டால் பயம் மறுபடி கூடு கட்டும்.

#21 தளிர்

எல்லாருக்கும் வணக்கம். முழு இழையையும் ஒரே மூச்சில் படித்தேன். எனக்கு வியாழக்கிழமை ஐந்து நிமிடப் பேச்சு. கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நூலகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்றிலிருந்து நான்கு நாள்தான். எங்கே தொடங்குவது?

#22 கடைசிவரிசை

நான்கு நாளில் ஐந்து நிமிடம் முடியும். உங்கள் முதல் இரண்டு வாக்கியத்தை இங்கே எழுதுங்கள். நீங்கள் வாயால் சொல்வது போலவே எழுதுங்கள்.

#23 தளிர்

"எல்லாருக்கும் வணக்கம், இன்னைக்கு நான் நம்ம நூலகத்தோட விதிமுறைகள், நேரம் பத்திப் பேசப் போறேன். போன வருஷம் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எனக்கு ஒரு புத்தகம் தேவைப்பட்டுச்சு, நூலகம் திறந்திருக்கும்னே எனக்குத் தெரியாது."

#24 கடைசிவரிசை

இரண்டாவதை முதலில் சொல்லுங்கள். "தெரியாது" என்பது கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்.